மஞ்சள் அட்டைப்பெட்டியும் ரயில் சமையல்காரரும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் டிசம்பர் மாதம் எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் ஒரு தட்டு கட்டாயம் கண்ணில் படும். பெரிய நெல்லிக்காய் அளவில், பொன்னிறத்தில், மேலே லேசாக வெடித்த உருண்டைகள். 'சாசேஜ் பால்ஸ்' என்கிறார்கள். கொத்திய பன்றி இறைச்சி, செடார் சீஸ், பிஸ்கட் மாவுக் கலவை மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து, உருட்டி, ஓவனில் வைத்து எடுத்தால் முடிந்தது. கரண்டி வேண்டாம், தனித்தட்டு வேண்டாம். ஒரு கையில் கோப்பையும் மறு கையில் உருண்டையுமாக நின்றபடியே பேசிக்கொண்டிருக்கலாம். கிறிஸ்துமஸ் காலையில், கால்பந்து ஆட்டம் பார்க்கக் கூடும் நாளில், சர்ச் கூடத்தில், யாராவது ஓய்வுபெறும் நாளில் அலுவலகத்தில் என்று எல்லா இடத்திலும் இது உண்டு.

என் மகள் அட்லாண்டா பக்கம் இருக்கிறாள். அங்கே மூன்று மாதம் தங்கியிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். எப்படிச் செய்வது என்று கேட்டேன். "ரொம்ப ஈஸி" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினார். பிஸ்க்விக். "இது இருந்தால் போதும், மற்றதெல்லாம் பிசைவதுதான்" என்றார்.

32 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்தவளிடம் 'ஈஸி' என்று சொன்னால் சும்மா விடுவேனா? ஒரு வேலை எளிதாகிறது என்றால் அதற்கு முன்னால் அது கடினமாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தை யார் பட்டார்கள், எளிதாக்கியது யார், அதற்கான பெயர் யாருக்குப் போனது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிஸ்கட் என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நாம் டீயில் நனைத்துச் சாப்பிடுகிறோமே, அது வேறு. அமெரிக்காவில் பிஸ்கட் என்பது வெளியே லேசான மொறுமொறுப்பும் உள்ளே அடுக்கடுக்கான மென்மையும் கொண்ட சின்ன பன் மாதிரி. காலையில் சூடாக, வெண்ணெயோடோ குழம்போடோ சாப்பிடுவது. தெற்கத்திக்காரர்களுக்கு இது நமக்கு இட்லி மாதிரி. விருந்துக்கு உருட்டும் அந்த உருண்டையில் மாவுப் பங்கு இந்த பிஸ்கட்தான்.

இந்த பிஸ்கட் ஒரு காலத்தில் எளிதான பண்டமே இல்லை. 19ஆம் நூற்றாண்டில் 'பீட்டன் பிஸ்கட்' என்று ஒன்று இருந்தது. அடித்த பிஸ்கட் என்று சொல்லலாம். மாவை உப்ப வைக்க எதுவும் சேர்க்க மாட்டார்கள். பிசைந்த மாவை மரக்கட்டை மேலேயோ கல் மேலேயோ போட்டு, உலக்கை மாதிரி ஒரு தடியால் அரை மணி நேரம், சில நேரம் அதற்கும் மேல், அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மடித்து அடி, மறுபடி மடித்து அடி. அப்படித்தான் அதற்குள் காற்று போகும். விடியற்காலையில் பண்ணை வீடுகளின் பின்கட்டிலிருந்து இந்தச் சத்தம் கேட்கும். அடித்த கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து பிஸ்கட்டைப் பரிமாறிய வீட்டுக்காரம்மாவின் பெயரில்தான் அந்தச் சமையலின் புகழ் ஊருக்குள் பரவியது.

விதிவிலக்காக இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். 1866ல் மிச்சிகன் மாநிலத்தில் மலிண்டா ரஸ்ஸல் என்ற கறுப்பினப் பெண் ஒரு சிறிய சமையல் புத்தகம் வெளியிட்டார். 1881ல் சான் பிரான்சிஸ்கோவில் அபி ஃபிஷர் என்பவரின் புத்தகம் வந்தது. அபி ஃபிஷர் தெற்கில் அடிமைத்தனத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, வேறு பெண்கள் எழுதிக்கொண்டார்கள். அடித்த பிஸ்கட் செய்முறை அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால், எழுத்தறியாத ஒருவர் தன் கைப்பக்குவத்தைத் தன் பெயரிலேயே அச்சில் ஏற்றியது, எத்தனையோ தளபதிகளின் போர் வெற்றியை விடப் பாடப்புத்தகத்தில் இடம்பெறத் தகுதியான செய்தி.

அடிக்கிற வேலைக்கு முடிவு கட்டியது வேதியியல். எபன் ஹார்ஸ்ஃபோர்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர், ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியலாளர் லீபிக்கிடம் படித்தவர். 1856ல், பேக்கிங் சோடாவோடு சேர்ந்து மாவை உப்ப வைக்கும் ஒரு பாஸ்பேட் உப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து பேக்கிங் பவுடர் வந்தது. விஷயம் எளிமையானது. ஒரு அமிலமும் ஒரு காரமும் காய்ந்த தூளாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஈரம் படும்வரை சண்டை கிடையாது. தண்ணீரோ பாலோ பட்டதும் வினை தொடங்கி கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். ஓவன் சூட்டில் அது விரிந்து மாவைத் தூக்கும். அரை மணி நேரம் தடியால் அடித்து உள்ளே ஏற்றிய காற்றை இரண்டு தேக்கரண்டி வெள்ளைப் பொடி செய்துவிட்டது.

ஆனாலும் வேலை முழுசாகக் குறையவில்லை. மாவை அளக்க வேண்டும், பவுடரை அளக்க வேண்டும், உப்பு போட வேண்டும். எல்லாவற்றையும் விடக் கஷ்டமானது, கொழுப்பை மாவோடு விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து ரவைப் பதத்துக்குக் கொண்டுவருவது. கை சூட்டில் கொழுப்பு உருகிவிட்டால் பிஸ்கட் கல்லாகிவிடும். தினமும் காலையில் இதைச் செய்கிறவர்களுக்குத்தான் அந்தக் கை வரும்.

இங்கேதான் ரயில் வருகிறது. அது தெற்கில் ஓடிய ரயில் இல்லை. மேற்குக் கடற்கரையில், போர்ட்லாந்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன சதர்ன் பசிபிக் ரயில். வருஷம் 1930. ஜெனரல் மில்ஸ் என்ற பெரிய மாவு நிறுவனத்தின் விற்பனை அதிகாரி கார்ல் ஸ்மித் அதில் ஏறினார். இரவு நேரம் கடந்துவிட்டது. உணவுப்பெட்டிக்குப் போய், கிடைத்ததைச் சாப்பிடலாம் என்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலேயே சுடச்சுட பிஸ்கட் வந்தது. ஸ்மித்துக்கு ஆச்சரியம். மாவு வியாபாரம் செய்கிறவர் அல்லவா, இவ்வளவு சீக்கிரத்தில் யாராலும் பிஸ்கட் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரியும். நேரே சமையலறைக்கே போய்க் கேட்டார்.

சமையல்காரர் மறைக்கவில்லை. மாவு, பன்றிக் கொழுப்பு, பேக்கிங் பவுடர், உப்பு நான்கையும் முன்கூட்டியே தேய்த்துக் கலந்து ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன், ஆள் வந்ததும் ஈரம் சேர்த்து வெட்டி ஓவனில் தள்ளுகிறேன் என்று விளக்கினார்.

ரயில் உணவுப்பெட்டியின் சமையலறை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் வீட்டு நடைபாதை அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் கனன்றுகொண்டிருக்கும் அடுப்பு, மறு பக்கம் பாத்திரங்கள், கீழே ஆடுகிற தரை. அதற்குள் நின்றுகொண்டு நூறு பேருக்குச் சமைக்க வேண்டும். அந்த நெருக்கடியில் ஒருவர் யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. ஆய்வுக்கூடம் இல்லை, சம்பள உயர்வு இல்லை. வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்மித் ஊர் திரும்பினார். நிறுவனத்தின் வேதியியலாளர் சார்லி கிரெஸ்ஸிடம் விஷயம் போனது. ஐஸ் இல்லாமல், கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்தாலும் கொழுப்பு சிக்குவாடை அடிக்கக் கூடாது, பவுடர் வீரியம் இழக்கக் கூடாது. அதுதான் சவால். கிரெஸ்ஸும் அவருடைய ஆட்களும் அதைத் தீர்த்தார்கள். அது உண்மையான உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1931ல் பிஸ்க்விக் கடைக்கு வந்தது. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தவித்துக்கொண்டிருந்த வருஷம். பார்த்துப் பார்த்துச் செலவு செய்த காலத்திலும் அது விற்றது.

கார்ல் ஸ்மித்தின் பெயர் நமக்குத் தெரியும். சார்லி கிரெஸ்ஸின் பெயர் தெரியும். சமையல்காரரின் பெயர் எங்கேயும் பதிவாகவில்லை. நிறுவனம் சொல்லிவரும் கதையில் அவர் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் 'ஒரு ரயில் சமையல்காரர்' என்றுதான் இருக்கிறார்.

அந்தக் கால ரயில்களில் சமையலறையிலும் படுக்கைப்பெட்டியிலும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். படுக்கைப்பெட்டிப் பணியாளர்களைப் பயணிகள் எப்படிக் கூப்பிடுவார்கள் தெரியுமா? 'ஜார்ஜ்'. எல்லோரையும் ஜார்ஜ்தான். பெட்டிகளுக்குச் சொந்தக்காரர் ஜார்ஜ் புல்மன். முதலாளியின் பெயரையே அடிமைக்கு வைத்துக் கூப்பிட்ட பழைய வழக்கத்தின் மிச்சம் அது. இதில் ஒரு வேடிக்கை. 1914ல் ஜார்ஜ் டுலானி என்ற பணக்கார மர வியாபாரி, பணியாளர்களை ஜார்ஜ் என்று கூப்பிடுவதைத் தடுக்கும் சங்கம் என்று ஒன்றை விளையாட்டாகத் தொடங்கினார். பணியாளர்கள் மேல் இரக்கப்பட்டா? இல்லை. தன் பெயர் சொல்லி யாரோ பெட்டி தூக்கக் கூப்பிடும்போதெல்லாம் தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்! நாடெங்கும் உள்ள ஜார்ஜ்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 1926ல் புல்மன் நிறுவனம் ஒவ்வொரு பெட்டியிலும் அன்றைய பணியாளரின் பெயர் எழுதிய அட்டையை வைக்கச் சம்மதித்தது. அதற்கு முந்தைய வருஷம், 1925ல், ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் பணியாளர்களே தொழிற்சங்கம் அமைத்திருந்தார்கள். கூலிக்கும் வேலை நேரத்துக்கும் நடந்த அந்தப் போராட்டம் 1937ல்தான் புல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தமாக முடிந்தது. சொந்தப் பெயரில் கூப்பிடப்படுவதும் அவர்கள் கேட்ட மரியாதைகளில் ஒன்று.

சரி, பெட்டிக்குத் திரும்புவோம். பிஸ்க்விக் பெட்டியில் ஒரு பெண்ணின் பெயரைப் பார்ப்பீர்கள். பெட்டி கிராக்கர். (மஞ்சள் அட்டைப்பெட்டியின் பெட்டி வேறு, இந்த அம்மாவின் பெயர் வேறு. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாது!) அமெரிக்க வீடுகளில் மூன்று தலைமுறை இந்தப் பெயரை நம்பிச் சமைத்திருக்கிறது. 1945ல் 'ஃபார்ச்சூன்' பத்திரிகை, அமெரிக்காவின் புகழ்பெற்ற பெண்களில் இரண்டாவது என்று இவரைச் சொன்னது. முதலாவது, அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்.

பெட்டி கிராக்கர் என்று ஒரு ஆள் பிறக்கவே இல்லை.

ஜெனரல் மில்ஸின் முன்னோடி நிறுவனம் 1921ல் ஒரு புதிர்ப் போட்டி நடத்தியது. பதிலோடு சேர்த்துப் பெண்கள் சமையல் சந்தேகங்களையும் எழுதி அனுப்பினார்கள். கேக் ஏன் அமுங்குகிறது, ரொட்டி ஏன் புளிக்கிறது என்று. பதில் கடிதத்தில் ஆண்கள் கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காது என்று விளம்பரத் துறை நினைத்தது. ஓய்வுபெற்ற இயக்குநர் ஒருவரின் குடும்பப் பெயர் கிராக்கர். அதோடு சிநேகமாக ஒலிக்கும் 'பெட்டி'யைச் சேர்த்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். 1936ல் ஓவியம் வரைந்து முகமும் கொடுத்தார்கள். கற்பனைப் பெண்ணுக்குப் பெயர், கையெழுத்து, முகம் மூன்றும் கிடைத்தன. அடுப்படியில் வேர்த்து நின்ற மனிதரிடம் பெயரைக் கேட்டு எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பது வருஷ இடைவெளியில், ஒரே நிறுவனத்தில் நடந்தவை இவை. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாவுக் கலவை வியாபாரத்தில் இதற்கு மறுபக்கமும் உண்டு. 'ஆன்ட் ஜெமைமா' என்ற பான்கேக் மாவு. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அந்த வேஷத்தில் நின்று பான்கேக் சுட்டுக் கொடுத்தவர் நான்சி கிரீன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். இவர் நிஜமான ஆள், நிஜமான சமையல்காரி. வாழ்நாள் முழுக்க ஊர் அவரைக் கற்பனைப் பெயரால் கூப்பிட்டது. 1923ல் இறந்தபோது புதைத்த இடத்தில் கல்கூட இல்லை. 2020ல்தான் பெயர் பொறித்த கல் வைத்தார்கள்.

இனி, மாவு எப்படி விருந்துத் தட்டுக்கு வந்தது என்று பார்ப்போம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கடையில் குடிக்க முடியாதவர்கள் வீட்டுக்குள் ரகசியமாகக் கூடினார்கள். நின்றபடி, கையால் எடுத்து வாயில் போடும் சிறு தின்பண்டங்களுக்கு அப்போது மவுசு கூடியது. மதுவிலக்கு போனது, பழக்கம் நின்றுவிட்டது. தெற்கில் பாப்டிஸ்ட் சர்ச்சுக்காரர்கள் பலர் மதுவைத் தொட மாட்டார்கள். ஆனால் குடிப்பவர்கள் வளர்த்த அந்தக் கைப்பண்டங்களை சர்ச் கூடத்துக்குள் தயங்காமல் கொண்டுவந்துவிட்டார்கள். எந்த ஊராக இருந்தாலும் நாக்குக்குக் கொள்கை கிடையாது.

இறைச்சிக்கும் ஒரு பருவம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத நாட்களில் தெற்கத்திப் பண்ணைகளில் நவம்பர் கடைசி, டிசம்பரில், குளிர் நன்றாக இறங்கிய பிறகுதான் பன்றி அடிப்பார்கள். தொடையும் விலாவும் உப்பிட்டுப் புகைக்குப் போகும். வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கொத்தி, மிளகு, மிளகாய், சேஜ் என்ற இலை சேர்த்தால் சாசேஜ். குடலில் அடைக்காமல் அப்படியே உதிரியாகவும் வைத்துக்கொள்வார்கள். உருண்டைக்கு வேண்டியது இந்த உதிரி சாசேஜ்தான். டிசம்பரில் சாசேஜ் புதிதாகக் கிடைத்த அந்தப் பழைய கணக்குதான், கிறிஸ்துமஸ் காலைக்கு இது பொருந்திப் போனதற்குக் காரணம் என்பது என் அனுமானம். சீஸ் கதை சுருக்கமானது. 1851ல் நியூயார்க் மாநிலத்தின் ரோம் என்ற ஊரில் ஜெஸ்ஸி வில்லியம்ஸ் முதல் சீஸ் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு, வீட்டுப் பெண்கள் தொட்டியில் கிளறிச் செய்த செடார் கடைச் சரக்கானது.

இந்த மூன்றையும் முதலில் சேர்த்துப் பிசைந்த கை எது என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. 1970களில் தெற்கு மாநிலங்களின் சர்ச் பெண்கள் சங்கங்களும் பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் நிதி திரட்ட அச்சிட்ட சமையல் புத்தகங்களில் இது பரவலாக வருகிறது. அந்தப் புத்தக வகையே தனி வரலாறு. உள்நாட்டுப் போரின்போது, 1864ல், காயம்பட்ட வீரர்களுக்குப் பணம் சேர்க்க பிலடெல்பியாவில் வெளியான ஒரு புத்தகத்திலிருந்து தொடங்கும் மரபு. ஒவ்வொரு செய்முறைக்குக் கீழேயும் கொடுத்தவரின் பெயர் இருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மா தன் தாயாரின் புத்தகம் ஒன்றைக் காட்டினார். சுருள் கம்பி போட்டது, வெண்ணெய்க் கறை படிந்த பக்கங்கள். ஆசையாகப் பெயர்களைப் பார்த்தேன். திருமதி இன்னார், திருமதி இன்னார் என்று வரிசையாக இருந்தது. எல்லாம் கணவர் பெயர்! அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தி, "இவங்க பெயர் இது, இவங்க பெயர் இது" என்று அந்தப் பெண்களின் சொந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் மட்டும் விரல் நின்றது. ஞாபகம் வரவில்லை. அந்தப் பெயர்களைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வாத்தியார் புத்தி.

இனி செய்முறை. அங்கே வழக்கமான அளவு: மூன்று கப் பிஸ்க்விக், சுமார் 450 கிராம் உதிரி சாசேஜ், அதே அளவு துருவிய செடார். நம் ஊரில் பிஸ்க்விக் சுலபமாகக் கிடைக்காது. கவலை வேண்டாம், ரயில் சமையல்காரர் செய்ததையே செய்யலாம். மூன்று கப் மைதா, நாலரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர், முக்கால் தேக்கரண்டி உப்பு கலந்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயை விரல் நுனியால் தேய்த்து ரவைப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.

பன்றிக்கறி பழக்கமில்லாத வீடுகளில் சிக்கன் கீமா போடலாம். அதில் கொழுப்பு குறைவு என்பதால் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் கூடுதலாகச் சேருங்கள். தாராளமாக மிளகுத்தூள், கொஞ்சம் மிளகாய்ச் செதில், கீமாவுக்குத் தேவையான உப்பு. சேஜ் இலைக்குப் பதில் நான் தொட்டியில் வளர்க்கும் கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போடுகிறேன். வாசனை வேறுதான், ஆனால் நன்றாக இருக்கிறது. சீஸைக் கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், உருண்டை வறண்டுபோகும். கலவை உதிர்ந்தால் பால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள். அரை கப்புக்கு மேல் வேண்டாம்.

ஒரு அங்குல உருண்டைகளாக உருட்டி, 180 டிகிரி சூட்டில் 22 முதல் 25 நிமிடம். அடிப்பக்கம் சிவந்து, ஒன்றைப் பிய்த்துப் பார்த்தால் நடுவில் கறி முழுக்க வெந்திருக்க வேண்டும். சுமார் 60 உருண்டை வரும். ஆள் குறைவென்றால் பாதியை வேகவைக்காமல் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது எடுத்து ஓவனில் தள்ளினால் போதும், ஐந்து நிமிடம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.